கடலோர வெயிலில் தங்கமீன்: புதுச்சேரி, கடலூர் வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

சரியாகப் பார்த்துக்கொண்டால் ஒரு தங்கமீன் பத்து, பதினைந்து ஆண்டுகள் வாழும். இங்கிலாந்தில் ஒரு குடும்பம் டிஷ் என்று பெயரிட்டு வளர்த்த மீன் 43 ஆண்டுகள் வாழ்ந்து 1999-இல் இறந்தது. நம் பக்கத்து வீடுகளிலோ வாங்கி வந்த மீன் ஒரு மாதத்தைத் தாண்டுவதே அரிதாக இருக்கிறது. இறந்ததும், "வீட்டுக்கு வரவேண்டிய திருஷ்டியை மீன் வாங்கிக்கொண்டு போய்விட்டது" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டு அடுத்த மீனை வாங்கி வந்து அதே தண்ணீரில் விடுகிறார்கள். இந்தப் பேச்சை எங்கே கேட்டாலும் எனக்கு மனம் பொறுப்பதில்லை. அந்த மீனைக் கொன்றது பெரும்பாலும் அம்மோனியாவாக இருக்கும். இல்லையென்றால் குளோரின், அல்லது மே மாத வெப்பம். மூன்றையும் வீட்டிலேயே தடுத்துவிடலாம்.

தங்கமீன் கெண்டை வகையைச் சேர்ந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சீனாவில் வளர்ப்பு மீனாகிவிட்டது. அதற்கு இதமான நீர் 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரை. புதுச்சேரியிலும் கடலூரிலும் மார்கழி, தை மாத இரவுகளில்தான் தொட்டி நீர் 24 டிகிரியை ஒட்டி வரும். சித்திரையில் 31, 32 டிகிரிக்குப் போய்விடும். குளிர்நாட்டுப் புத்தகங்கள் சொல்லும் முறையை இங்கே அப்படியே பின்பற்ற முடியாததற்கு இதுவே காரணம். கீழே உள்ள ஒவ்வொரு படியும் நம் வெயிலையும் நம் நிலத்தடி நீரையும் மனத்தில் வைத்து எழுதியது.

படி 1: எந்த மீன், எவ்வளவு பெரிய தொட்டி

உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தை முதலில் மறந்துவிடுங்கள். அதில் நீர் குறைவு, காற்றுப் படும் மேற்பரப்பு குறைவு, வடிகட்டி வைக்க இடமில்லை. கிண்ணத்தில் விட்ட மீன் தன் கழிவிலேயே மூச்சுத் திணறுகிறது.

கடையில் கிடைப்பவற்றை இரண்டாகப் பிரிக்கலாம். நீண்ட உடலும் ஒற்றை வாலும் கொண்ட சாதாரண தங்கமீன், காமெட், ஷுபுங்கின் ஆகியவை ஓர் அடி நீளம் வரை வளரக்கூடியவை. இவற்றுக்குத் தோட்டத்துச் சிமெண்ட் தொட்டியோ குளமோதான் ஏற்றது. உருண்டை உடலும் இரட்டை வாலும் கொண்ட ஒராண்டா, ரியூக்கின், பிளாக் மூர், ரான்சு ஆகியவை அரை அடி, முக்கால் அடியோடு நின்றுவிடும். வீட்டுத் தொட்டிக்கு இவையே சரி.

தொட்டியை நம் கடைகளில் அடிக்கணக்கில் விற்கிறார்கள். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டி விளிம்பு வரை நிரப்பினாலும் 56 லிட்டர்தான் கொள்ளும். வளர்ந்த ஒரு மீனுக்கே அது இறுக்கம். 3 அடி நீளமும் ஒன்றேகால் அடி அகலமும் ஒன்றேகால் அடி உயரமும் கொண்ட தொட்டி ஏறத்தாழ 130 லிட்டர் கொள்ளும். உருண்டை உடல் மீன்கள் இரண்டை அதில் நிம்மதியாக வளர்க்கலாம். தங்கமீனுக்குத் துணை பிடிக்கும், ஆகவே இரண்டு நல்லது. கடைக்காரர் "ஆறு விடலாம்" என்பார். குஞ்சாக இருக்கும்போது ஆறும் கொள்ளும், ஆறு மாதத்தில் கொள்ளாது. பணம் குறைவாக இருந்தால் வண்ணவிளக்கையும் பொம்மைகளையும் விட்டுவிட்டுத் தொட்டியின் அளவில் செலவழியுங்கள்.

படி 2: தொட்டியை எங்கே வைப்பது

மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் வைக்காதீர்கள். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் இரவு முழுவதும் அந்த வெப்பத்தைக் கீழே இறக்கும். தரைத்தள வீடோ, மேலே இன்னொரு மாடி உள்ள அறையோ இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். மேற்குச் சுவர் வேண்டாம். ஜன்னல் வழியே நேர் வெயில் விழக்கூடாது; ஆனால் பிற்பகலில் வீசும் கடற்காற்று அறைக்குள் வந்து போகும்படி இருந்தால் மிக நல்லது.

130 லிட்டர் நீர் என்றால் நீர் மட்டுமே 130 கிலோ. கண்ணாடியும் மணலும் சேர்த்து 170 கிலோவை நெருங்கும். இரும்புத் தாங்கி வேண்டும். தொட்டிக்கும் தாங்கிக்கும் இடையே ஒரு தெர்மாகோல் அட்டை போட்டால் மேடுபள்ளத்தால் கண்ணாடி விரிசல் விடாது.

கொசுவர்த்திச் சுருள், செருகி வைக்கும் திரவக் கொசுவிரட்டி, கரப்பான் மருந்து இவற்றில் பெரும்பாலும் உள்ள பைரித்ராய்டு வகை மருந்துகள் மனிதரைவிட மீனுக்குப் பல மடங்கு நஞ்சு. அறைக் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளும் ஏர் பம்ப் அந்த மருந்தையும் சேர்த்துத் தள்ளிவிடும். தொட்டி உள்ள அறையில் கொசுவலை மட்டும் பயன்படுத்துங்கள். மழைக்காலத்தில் தெருவில் கொசுப்புகை அடிக்க வண்டி வரும்போது ஜன்னலைச் சாத்தி, ஏர் பம்பை நிறுத்தி, தொட்டியை ஈரத்துணியால் மூடிவிடுங்கள். புகை கலைந்ததும் துணியை எடுத்து பம்பைப் போடுங்கள். பொங்கலுக்கு வீட்டுக்கு வண்ணம் பூசும்போதும் இதே கவனம் வேண்டும்.

படி 3: கருவிகள்

இரண்டு வேண்டும், ஒன்றுக்கு ஒன்று மாற்றாக அல்ல. ஒன்று வடிகட்டி, மற்றொன்று ஏர் பம்ப். தங்கமீன் அதிகம் தின்று அதிகம் கழிக்கும் மீன், ஆகவே வடிகட்டி மணிக்குத் தொட்டி நீரின் எட்டு முதல் பத்து மடங்கைச் சுழற்றும் திறனுடையதாக இருக்கட்டும். 130 லிட்டர் தொட்டிக்கு 1,000 லிட்டருக்கு மேல் குறித்திருக்கும் வடிகட்டி. அதோடு ஏர் பம்பில் இயங்கும் ஸ்பாஞ்ச் வடிகட்டி ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விலை குறைவு, மின்வெட்டில் அதன் அருமை தெரியும்.

ஏர் பம்பைத் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள், அல்லது குழாயில் ஒருவழி வால்வு பொருத்துங்கள். இல்லையென்றால் மின்சாரம் போனதும் தண்ணீர் குழாய் வழியாக இறங்கி பம்புக்குள் வந்துவிடும். மின்கம்பிகள் பிளக்கை விடத் தாழ்வாகத் தொங்கி வளைந்து மேலேறட்டும். சொட்டும் நீர் பிளக்கை எட்டாது. கையை உள்ளே விடும்முன் எல்லா ஸ்விட்சையும் அணைப்பது வீட்டில் எல்லோருக்கும் பழக்கமாகவேண்டும்.

ஹீட்டர் வேண்டாம். ஒரு வெப்பமானி கட்டாயம்.

அடித்தளத்துக்குக் கடற்கரை மணலைக் கொண்டுவராதீர்கள். அதில் உப்பும் சிப்பித் துகளும் உண்டு. நன்றாக அலசிய ஆற்று மணல் ஒரு விரல்கடை உயரம் போதும். பட்டாணி அளவுக் கற்கள் மீனின் வாயில் சிக்கிக்கொள்ளும், ஆகவே மணல் அல்லது முட்டை அளவுக் கூழாங்கல். செடிகளில் அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் தாக்குப்பிடிக்கும், மற்றவற்றைத் தின்றுவிடும். மணி பிளான்ட் கொடியின் வேர் மட்டும் நீரில் இறங்கும்படி விளிம்பில் வைத்தால் கழிவிலிருந்து உண்டாகும் நைட்ரேட்டை அது உறிஞ்சும். ஊசுட்டேரியிலிருந்து பாசி அள்ளிவரும் எண்ணம் வேண்டாம். அது பறவைகள் சரணாலயம், அதோடு குளத்துச் செடியுடன் ஒட்டுண்ணிகளும் வீட்டுக்கு வந்து சேரும்.

படி 4: தண்ணீர்

மீன் வளர்ப்பில் பாதிக்கு மேல் இங்கேதான் முடிவாகிறது. நம் வீடுகளுக்கு மூன்று வகை நீர் வருகிறது.

குழாய் நீரில் குளோரின் இருக்கும். கிருமியைக் கொல்லும் அதே குளோரின் மீனின் செவுளையும் எரிக்கும். வாளியில் பிடித்து ஏர் ஸ்டோன் (ஏர் பம்புக் குழாயின் நுனியில் மாட்டிக் குமிழ் விடும் கல்) போட்டு 24 மணி நேரம் வைத்தால் போய்விடும். அவசரத்துக்கு ஹைப்போ என்று கடையில் கிடைக்கும் சோடியம் தயோசல்பேட் படிகம் உதவும். சாதாரணக் குழாய் நீர் 100 லிட்டருக்கு 1 கிராம் போதும். வெள்ளத்துக்குப் பின் நோய்த் தடுப்புக்காகக் குடிநீரில் பிளீச்சிங் பவுடரைக் கூட்டிவிடுவார்கள். அந்த நாட்களில் இரு மடங்கு போட்டு, ஒரு நாள் காற்றோட்டமும் கொடுங்கள். உங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை (மீன் தொட்டியை அல்ல) பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய வாரத்திலும் அப்படியே.

ஆழ்குழாய் நீரில் குளோரின் இல்லை, ஆனால் ஆக்சிஜனும் குறைவு. அதையும் ஒரு நாள் காற்றோட்டத்தில் வைத்தே பயன்படுத்துங்கள். கடினமான நீர் என்று கவலைப்படாதீர்கள். கெண்டை இனத்துக்குக் கடினநீர் ஒத்துப்போகும். கடலை ஒட்டிய பகுதிகளில் நீர் வாயில் வைத்தாலே கரிக்கும் அளவுக்கு உப்பேறியிருக்கும். அப்படிப்பட்ட நீரை மட்டும் குழாய் நீருடன் கலந்து மட்டுப்படுத்துங்கள். தொழிற்சாலைப் பகுதிக்கு அருகில் இருப்பவர்கள் கிணற்று நீரைப் பரிசோதிக்காமல் பயன்படுத்த வேண்டாம்.

ஆர்.ஓ. நீர் சுத்தமானது, ஆகவே மீனுக்கும் நல்லது என்று நினைத்துத் தொட்டி முழுக்க அதை நிரப்புகிறவர்கள் உண்டு. அதில் தாது உப்புகள் இல்லை; அமிலத்தன்மையைத் தாங்கிப் பிடிக்கும் கார்பனேட்டும் இல்லை. சில வாரங்களில் பி.எச். (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) சரிந்து மீன் துவண்டுவிடும்.

இன்னொன்று: கோடை மதியத்தில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் நீர் கையைச் சுடும். நீர் மாற்றுவதற்கான நீரை அதிகாலையில் பிடித்து நிழலில் வையுங்கள்.

படி 5: மீன் விடும் முன் பாக்டீரியாவை வளர்த்தல்

மீன் வெளியேற்றும் கழிவிலிருந்தும் மிச்ச உணவிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. வடிகட்டியின் பஞ்சில் குடியேறும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் கொடிய நஞ்சு. நைட்ரேட் ஓரளவு பொறுக்கத்தக்கது, வாராந்திர நீர் மாற்றத்தில் வெளியேறிவிடும். புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியா கிடையாது. தொட்டி வாங்கிய அன்றே மீனையும் வாங்கி விடுவதால்தான் இரண்டாவது வாரத்தில் அது இறக்கிறது.

நம் ஊருக்கு இது இன்னும் முக்கியம். அம்மோனியா நீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று அதிகத் தீங்கில்லாதது, மற்றொன்று நஞ்சு. பி.எச். 7-லிருந்து 8-க்கு ஏறினால் நஞ்சு வடிவத்தின் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகிறது. வெப்பம் ஏறினாலும் கூடுகிறது. நம் கடினநீரும் நம் வெயிலும் சேர்ந்தால், மலைப்பகுதித் தொட்டியில் மீன் தாங்கிக்கொள்ளும் அதே அளவு அம்மோனியா இங்கே உயிரைக் குடிக்கும்.

செய்யவேண்டியது: தொட்டியை நிரப்பி வடிகட்டியை ஓடவிடுங்கள். மீன் இல்லாமலேயே தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவு போடுங்கள். அது அழுகி அம்மோனியா தரும். சொட்டு மருந்து வகைப் பரிசோதனைப் பெட்டி வாங்கி வாரம் இருமுறை பாருங்கள். முதலில் அம்மோனியா ஏறும், பிறகு அது இறங்கி நைட்ரைட் ஏறும், கடைசியில் இரண்டும் பூச்சியமாகி நைட்ரேட் மட்டும் தெரியும். மூன்று முதல் ஆறு வாரம் பிடிக்கும். நோயில்லாத தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் பழைய வடிகட்டிப் பஞ்சு ஒன்றை, அலசாமல், ஈரம் காயாமல் வாங்கிவந்து போட்டால் பாதி நாளில் முடிந்துவிடும். பிள்ளைகள் அவசரப்படுவார்கள். பரிசோதனைக் குழாயின் நிறம் மாறுவதை அவர்களையே பார்த்து எழுதச் சொல்லுங்கள், அந்த வாரங்கள் அவர்களுக்கும் இனிமையாகக் கழியும்.

படி 6: மீனை வாங்கி வருதல்

புதுச்சேரி, கடலூர் கடைகளுக்கு அலங்கார மீன்கள் பெரும்பாலும் சென்னை கொளத்தூர்ச் சந்தை வழியாகவே வருகின்றன. வந்து இறங்கிய அன்றே வாங்காதீர்கள். ஒரு வாரம் கழித்து, கடைத் தொட்டியில் பிழைத்து நிற்பதை வாங்குங்கள். முதுகுத் துடுப்பு நிமிர்ந்திருக்கவேண்டும் (ரான்சுவுக்கு மட்டும் அது கிடையாது), உணவு போட்டதும் ஓடிவரவேண்டும். அதே தொட்டியில் ஒரு மீன் இறந்து மிதந்தாலும் வேறு கடைக்குப் போங்கள்.

காலையிலோ மாலையிலோ எடுத்து வாருங்கள். பையை இருபது நிமிடம் தொட்டி நீரில் மிதக்கவிட்டு, சிறிது சிறிதாகத் தொட்டி நீரைப் பைக்குள் கலந்து, மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். பை நீரைத் தொட்டியில் ஊற்றக்கூடாது. ஏற்கெனவே மீன் உள்ள வீடுகளில் புதிய மீனை மூன்று வாரமாவது தனித் தொட்டியில் வைத்துப் பார்க்கவேண்டும். 50 லிட்டர் பிளாஸ்டிக் டப்பும் ஒரு ஸ்பாஞ்ச் வடிகட்டியும் போதும்.

படி 7: உணவு

தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. உண்டது நேராகக் குடலுக்குப் போகிறது, ஆகவே சிறிது சிறிதாக. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவை நாளுக்கு இருமுறை கொடுங்கள். மிதக்கும் உணவைத் தின்னும்போது காற்றையும் விழுங்குவதால், உருண்டை மீன்கள் நிலைகுலைந்து மிதக்கக்கூடும். மூழ்கும் குருணை உணவை வாங்கி, போடும்முன் ஒரு நிமிடம் நனையுங்கள். வாரம் இருமுறை வேகவைத்துத் தோல் நீக்கிய பச்சைப் பட்டாணி, வெந்த கீரை கொடுங்கள். மாட்டுத் தீவனத்துக்காக அசோலா வளர்ப்பவர் பக்கத்தில் இருந்தால் ஒரு கைப்பிடி வாங்கி, அலசிப் போடுங்கள். சாக்கடையோரம் அள்ளப்படும் உயிருள்ள டியூபிஃபெக்ஸ் புழு நோயைக் கொண்டுவரும், உலர்த்தியதை வாங்குங்கள்.

மீன் எப்போதும் பசித்ததுபோல் மேலே வந்து வாயைத் திறக்கும், அது அதன் சுபாவம். வீட்டுக்கு வருகிறவர்களும் ஆளுக்கு ஒரு சிட்டிகை போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போனால் வளர்ந்த மீன் ஒரு வாரம் உணவின்றி நன்றாகவே இருக்கும். பக்கத்து வீட்டாரிடம் டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போவதுதான் ஆபத்து.

படி 8: வாரந்தோறும்

மாதம் ஒருமுறை மீனை வாளியில் போட்டு, தொட்டியைக் காலி செய்து, கல்லையும் பஞ்சையும் சோப்புப் போட்டுத் தேய்த்து, புது நீர் நிரப்பும் வழக்கம் நம் வீடுகளில் வேரூன்றிவிட்டது. தொட்டி பளபளக்கும், பாக்டீரியா முழுவதும் செத்திருக்கும். மறுநாளிலிருந்து அம்மோனியா ஏறும். இந்த ஒரு வழக்கத்தை விட்டாலே பாதி மீன்கள் பிழைத்துக்கொள்ளும்.

அதற்குப் பதிலாக வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு நீரை மட்டும் மாற்றுங்கள். குழாயால் மணலின் மேல் படிந்த கழிவை உறிஞ்சி எடுங்கள். அந்த நீர் கறிவேப்பிலைக்கும் மல்லிகைக்கும் நல்ல உரம். வெளியே எடுத்த அந்த நீரிலேயே வடிகட்டிப் பஞ்சைப் பிழிந்துவிட்டுத் திரும்பப் பொருத்துங்கள், குழாயடியில் கழுவாதீர்கள். குளோரின் நீக்கிய நீரை மெதுவாக ஊற்றுங்கள். நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராமைத் தாண்டினால் அந்த வாரம் பாதி நீரை மாற்றவேண்டும்.

படி 9: கத்திரி வெயில்

20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். அதே வெப்பத்தில் மீனுக்கு ஆக்சிஜன் தேவை கூடுகிறது. ஆகவே மே மாதத்தில் முதல் வேலை காற்று: ஏர் ஸ்டோனை இரண்டாக்குங்கள், இரவிலும் நிறுத்தாதீர்கள்.

மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு, மேசை விசிறியை நீரின் மேற்பரப்பைத் தழுவி வீசும்படி வையுங்கள். நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்லும். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் இரண்டு, மூன்று டிகிரிதான் குறையும், ஆனால் 32-க்கும் 29-க்கும் இடையே உயிர் இருக்கிறது. விசிறி ஓடினால் நீர்மட்டம் தினமும் இறங்கும். உப்பு ஆவியாகாது, ஆகவே கடினநீரையே ஊற்றி ஈடுகட்டினால் உப்பு சேர்ந்துகொண்டே போகும். இந்த ஈடுகட்டலுக்கு மட்டும் ஆர்.ஓ. நீர் பொருத்தமானது.

உறைந்த நீர் பாட்டிலை மிதக்கவிடலாம். ஒரு லிட்டர் பனிக்கட்டி 130 லிட்டர் நீரை ஏறத்தாழ ஒரு டிகிரி குறைக்கும். மணிக்கு இரண்டு டிகிரிக்கு மேல் குறைக்காதீர்கள், திடீர் மாற்றமும் கெடுதல். 30 டிகிரியைத் தாண்டிய நாட்களில் உணவை ஒருவேளையாக்கி, காலையிலேயே கொடுத்துவிடுங்கள்.

படி 10: நோய் தெரிந்தால்

எந்த அறிகுறியானாலும் முதலில் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் பாருங்கள், பாதி நீரை மாற்றுங்கள், ஒரு நாள் உணவை நிறுத்துங்கள். நீலநிற மெத்திலீன் ப்ளூவைத் தொட்டியில் ஊற்றுவது எல்லோருக்கும் கைவந்த வழக்கம். அது வடிகட்டியின் பாக்டீரியாவைக் கொன்று நிலைமையை மோசமாக்கும். மருந்தெல்லாம் தனி டப்பில்தான்.

உடலிலும் துடுப்பிலும் ரவை தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் வந்தால் அது வெண்புள்ளி நோய். இதற்கு மட்டும் தொட்டியிலேயே மரக்காணம் கல்லுப்பைக் கரைத்தால் போதும். லிட்டருக்கு 1 கிராம் வீதம், 12 மணி நேர இடைவெளியில் மூன்று முறை கரைத்து, லிட்டருக்கு 3 கிராம் வரை கொண்டுவாருங்கள். 130 லிட்டருக்கு மொத்தம் 390 கிராம்; கைப்பிடிக் கணக்கு வேண்டாம், தராசில் நிறுங்கள். உங்கள் நீர் ஏற்கெனவே கரிக்கும் நீர் என்றால் குறைவாகப் போடவேண்டும். செடிகளை எடுத்துவிட்டு, பத்து முதல் பதினான்கு நாள் வைத்திருந்து, நீர் மாற்றத்தின் வழியாக உப்பைக் குறையுங்கள். செவுள் மூடியிலும் முன் துடுப்பின் முன் ஓரத்திலும் மட்டும் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக இருந்தால், அது இனப்பெருக்கப் பருவத்து ஆண் மீனின் அடையாளம். மருந்து எதுவும் வேண்டாம்.

உடலில் நூல் போலத் தொங்குவது நங்கூரப்புழு. ஈரத்துணியில் மீனைப் பிடித்து இடுக்கியால் வேரோடு எடுத்து, அந்த இடத்தில் பொவிடோன் அயோடின் தடவுங்கள். செதில்கள் விறைத்து உடல் ஊதினால் பிழைப்பது அரிது. தனியே எடுத்து மற்ற மீன்களைக் காப்பாற்றுங்கள்.

தொட்டிக்குப் பெரிதாக வளர்ந்துவிட்ட மீனை வீராணத்திலோ பாகூர் ஏரியிலோ தென்பெண்ணையிலோ விடாதீர்கள். அங்குள்ள நம் கெண்டைகளின் உணவையும் இடத்தையும் அது பறிக்கும், தன் நோயையும் கொடுக்கும். குளமோ பெரிய தொட்டியோ வைத்திருப்பவரிடம் கொடுங்கள்.

படி 11: புயலும் மின்வெட்டும்

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தபின் பல நாள் இருட்டில் இருந்தோம். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. ஐப்பசி பிறக்கும் முன்பே பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றும் மாற்று பேட்டரிகளும் வாங்கி வையுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் ஏர் பம்பை அதன் இணைப்பில் மாட்டுங்கள். சில வாட்தான் இழுக்கும்.

புயல் எச்சரிக்கை வந்ததும் செய்யவேண்டியவை: அன்றே மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள், குளோரின் நீக்கிய நீர் 50 லிட்டரைச் சேமித்து வையுங்கள், உணவை நிறுத்துங்கள். தெருவில் வெள்ளம் ஏறும் தாழ்வான பகுதி என்றால் மீனை டப்போடு மேல்மாடிக்குக் கொண்டுபோங்கள். மின்சாரம் போய் பேட்டரியும் தீர்ந்தால், மணிக்கு ஒருமுறை குவளையால் நீரை மொண்டு ஓர் அடி உயரத்திலிருந்து சில நிமிடம் ஊற்றிக்கொண்டே இருங்கள். ஏர் பம்ப் ஓடும்வரை ஸ்பாஞ்ச் வடிகட்டியின் பாக்டீரியா உயிரோடு இருக்கும். ஓடாமல் நின்ற பெரிய வடிகட்டிக்குள் சில மணி நேரத்தில் ஆக்சிஜன் தீர்ந்து கழிவு அழுகத் தொடங்கும். மின்சாரம் வந்ததும் அதை அப்படியே இயக்கினால் அழுகல் முழுவதும் தொட்டிக்குள் பாயும். திறந்து, பஞ்சைச் சேமித்த நீரில் அலசி, பிறகு இயக்குங்கள். அடுத்த ஐந்து நாள் தினமும் அம்மோனியா பார்த்து, அளவு தெரிந்தால் அன்றே நீரை மாற்றுங்கள். உணவைப் பாதியளவில் தொடங்கி ஒரு வாரத்தில் பழைய அளவுக்குக் கொண்டுவரலாம்.